மெதுவாகப் பெருகும் உயிர்கள்: கழிவுநீரில் நைட்ரஜன் நீக்கம் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

கழிவுநீரிலுள்ள நைட்ரஜனைப் பாக்டீரியாக்களைக் கொண்டு நீக்குவது பற்றிய பாடநூல்கள் பெரும்பாலும் வேதிச் சமன்பாட்டில் தொடங்கித் தொட்டியின் நீள அகலத்தில் முடிகின்றன. இரண்டும் தேவைதான். ஆனால் இத்துறையின் சுமார் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றை ஒருசேரப் படிக்கும்போது, ஒவ்வொரு முன்னேற்றத்தின் அடியிலும் ஒரே கேள்வி கிடப்பது தெரிகிறது. எந்தப் பாக்டீரியா தொட்டியில் தங்குகிறது, எது நீரோடு போய்விடுகிறது?

நைட்ரஜனை மாற்றும் உயிரிகள் மண்ணிலும் சாக்கடையிலும் ஏற்கெனவே உள்ளன. அவற்றின் குறை ஒன்றே: அவை மிக மெதுவாகப் பெருகுகின்றன. அந்த வேகத்தை அறிந்து அவற்றைத் தொட்டியில் இருத்தி வைப்பதே நைட்ரஜன் நீக்கத்தின் மையப் பணி என்பது இக்கட்டுரையின் வாதம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் கண்டறியப்பட்டு, ராட்டர்டாமில் முதன்முதலாக முழு அளவில் நிறுவப்பட்ட, ஆக்ஸிஜன் இல்லாமலே அம்மோனியத்தை நீக்கும் அனமாக்ஸ் முறை இதற்கு முதன்மைச் சான்றாகிறது.

2. நீக்க வேண்டிய காரணம்

ஒருவர் உடலிலிருந்து நாளொன்றுக்கு 10 கிராமுக்குச் சற்று மேல் நைட்ரஜன் வெளியேறுகிறது. பெரும்பகுதி சிறுநீரில் யூரியாவாகப் போகிறது. சாக்கடைக் குழாயில் ஓடும்போதே நுண்ணுயிர் நொதிகள் அதை உடைத்து அம்மோனியாவாக்கிவிடுகின்றன. சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேரும் வீட்டுக் கழிவுநீரில் பொதுவாக லிட்டருக்கு 30 முதல் 60 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கும்.

இது அப்படியே ஆற்றில் விழுந்தால் என்ன ஆகும்? ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் முழுமையாக நைட்ரேட்டாக மாற 4.57 கிராம் ஆக்ஸிஜன் வேண்டும். லிட்டருக்கு 40 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் உள்ள நீர், லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் ஆக்ஸிஜனை இழுக்க வல்லது. 30 டிகிரி வெப்பத்தில் சுத்தமான நீரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்ஸிஜனோ லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். வழக்கமான உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவைச் சோதனை சில நாள்களில் முடிந்துவிடுவதால், மெதுவாகத் தொடங்கும் இந்த இழுப்பைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. சோதனையில் தேறிய நீரே ஆற்றில் மீன்களை மூச்சுத் திணற வைப்பது இதனால்தான். அம்மோனியா நேரடியாகவும் மீன்களுக்கு நஞ்சு; நீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடக்கூட நஞ்சு கடுமையாகும். நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் சேர்ந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு.

3. உயிரின் வேலை என்று தெரிந்த வரலாறு

3.1 பாரிஸும் சூரிச்சும்

மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாவது வெறும் வேதிவினை என்றே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி நம்பப்பட்டது. 1877இல் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் இருவர் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாய் வழியே சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக இறங்கவிட்டனர். முதல் இருபது நாள் அம்மோனியா மாறாமல் வெளிவந்தது. பிறகு நைட்ரேட் தோன்றத் தொடங்கியது. குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. ஆவியை அகற்றிய பின்பும் அது தானாகத் திரும்பவில்லை. மண் கழுவிய நீரைச் சிறிது ஊற்றிய பிறகே நைட்ரேட் மீண்டும் வந்தது. மணலுக்கும் சுண்ணாம்புக்கும் மயக்க மருந்து ஒன்றும் செய்யாது. ஆகவே வேலை செய்தது உயிர். அந்த இருபது நாள் தாமதம்தான் அவ்வுயிரின் வளர்வேகத்தைப் பற்றி நமக்குக் கிடைத்த முதல் குறிப்பு.

அதைப் பிரித்தெடுக்கப் பலர் முயன்று தோற்றனர். அக்கால வழக்கப்படி ஊட்டம் மிக்க ஊடகத்தில் வளர்த்தபோது, வேகமாகப் பெருகும் வேறு பாக்டீரியாக்களே தட்டை நிரப்பின. 1890இல் சூரிச்சில் செர்கேய் வினோகிராட்ஸ்கி ஊடகத்திலிருந்து கரிம உணவை அறவே நீக்கி, அம்மோனியாவும் தாது உப்புகளும் மட்டும் தந்தார். வேகமானவை பட்டினியால் பின்தங்க, அம்மோனியாவை எரித்துக் கார்பன் டைஆக்சைடிலிருந்து உடலைக் கட்டும் உயிரிகள் எஞ்சின. அவர் உயிரியைத் தேடவில்லை. அது மட்டுமே வாழக்கூடிய சூழலைப் படைத்தார்.

3.2 மான்செஸ்டர்

1914இல் மான்செஸ்டரின் டேவிஹல்ம் நிலையத்தில் ஆர்டர்ன், லாக்கெட் இருவரும் சாக்கடை நீருக்குள் காற்றைச் செலுத்திப் பார்த்தனர். முதல் முறை அம்மோனியா முழுதும் நைட்ரேட்டாக ஐந்து வாரம் போலப் பிடித்தது. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் படிந்த கசட்டை அப்படியே வைத்துக்கொண்டு புதுச் சாக்கடை நீரை ஊற்றினர். இதைத் திரும்பத் திரும்பச் செய்ய, ஐந்து வாரம் ஒரு நாளாகக் குறைந்தது. இன்று உலகெங்கும் ஓடும் செயலூட்டிய கசடு முறையின் பிறப்பு இதுதான். கசட்டைக் கொட்டாமல் வைத்துக்கொண்டது என்ற ஒரே செயல், ஒரு நூற்றாண்டு நகரச் சுகாதாரத்தின் அடித்தளமாயிற்று. காற்று ஊதியதை மட்டும் பெரிதாகச் சொல்லும் வரலாறுகள் இந்த நிகழ்வின் பாதியைத்தான் சொல்கின்றன என்பது என் கருத்து.

4. வழக்கமான இருபடி முறை

4.1 நைட்ரேட்டாக்கம்

முதற்படியில் நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியத்தை நைட்ரைட்டாக்குகின்றன. நைட்ரோபாக்டர், நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகின்றன. இரண்டையும் ஒரே உயிரி செய்யும் என்பது 2015இல் நைட்ரோஸ்பைரா வகை ஒன்றில் உறுதியாயிற்று. இவ்வினை அமிலத்தையும் உண்டாக்குகிறது: ஒரு கிராம் நைட்ரஜனுக்கு, கால்சியம் கார்பனேட் அளவில் 7.14 கிராம் காரத்தன்மை அழிகிறது. நீரில் அது போதாவிட்டால் அமிலம் ஓங்கி வினை பாதியில் நிற்கும். இந்தக் குறையே ராட்டர்டாமில் வரமாக அமைந்ததைப் பின்னர் காண்போம்.

4.2 நைட்ரேட் நீக்கம்

இரண்டாம் படியில் ஆக்ஸிஜன் இல்லாத தொட்டியில், கரிமத்தை உண்ணும் பாக்டீரியாக்கள் ஆக்ஸிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் சேர்கிறது. நைட்ரேட் காற்றூட்டத் தொட்டியில் உருவாகிறது. உணவோ நிலையத்துக்குள் நுழையும் நீரில் இருக்கிறது. ஆகவே காற்றில்லாத் தொட்டியை முன்னால் வைத்து, நைட்ரேட் நிறைந்த நீரைப் பின்னிருந்து முன்னுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் ஜேம்ஸ் பர்னார்ட் 1970களில் இந்த அமைப்பை வளர்த்தெடுத்தார். உள்வரும் நீரைப் போல நான்கு மடங்கைத் திருப்பினால் நைட்ரேட்டில் அதிகபட்சம் ஐந்தில் நான்கு பங்கு நீங்கும். மேலும் நீக்க வேண்டுமென்றால் பம்புச் செலவு விரைந்து ஏறும்.

செலவு அங்கே முடிவதில்லை. காற்று ஊத மின்சாரம் வேண்டும். நைட்ரேட்டை நீக்கக் கரிமம் வேண்டும். கரிமம் பற்றாத நிலையங்கள் மெத்தனாலை விலைக்கு வாங்கி ஊற்றுகின்றன. இன்னொரு முரண்பாடும் உண்டு. அதே கரிமத்தைக் கசடு செரிப்பானுக்கு அனுப்பினால் மீத்தேன் கிடைக்கும், மின்சாரம் எடுக்கலாம். நைட்ரஜனை நீக்கச் செலவிட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும்.

4.3 கசட்டின் வயது

தொட்டியில் உள்ள மொத்தக் கசட்டை, நாள்தோறும் வெளியேற்றும் கசட்டால் வகுத்தால் கசட்டின் வயது கிடைக்கும். 20 டன் கசடு உள்ள நிலையத்தில் தினம் 2 டன் எடுத்தால் வயது 10 நாள். கரிமம் உண்ணும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும். நைட்ரோசோமோனாஸுக்கு நல்ல சூழலிலேயே ஒரு நாள் அளவில் தேவை, குளிரில் பல நாள். கசட்டின் வயது இந்தக் கால அளவைவிடக் குறைந்தால் அவை பெருகுவதற்குள் கழுவிச் செல்லப்படும். காற்று எவ்வளவு ஊதினாலும் அம்மோனியா அப்படியே வெளிவரும். நிலையத்தில் நைட்ரேட்டாக்கத்தைத் தீர்மானிக்கும் கருவி கசடு வெளியேற்றும் பம்புதான்.

5. டெல்ஃப்ட்டில் காணாமற்போன அம்மோனியம்

5.1 முன்கணிப்பும் கண்டறிதலும்

1977இல் வியன்னாவின் எங்கெல்பெர்ட் புரோடா என்ற இயற்பிய வேதியியலாளர், ஆக்ஸிஜன் இல்லாமலேயே நைட்ரைட் அல்லது நைட்ரேட்டைக் கொண்டு அம்மோனியத்தை எரிக்கும் உயிரி ஒன்று இயற்கையில் இருக்க வேண்டும் என்று ஆற்றல் கணக்கை மட்டும் வைத்து எழுதினார். அப்படியொன்றை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

அதன் தடயம் பின்னர் தென்பட்ட டெல்ஃப்ட்டின் ஈஸ்ட் ஆலைக்கு நுண்ணுயிரியலில் ஏற்கெனவே ஓர் இடம் உண்டு. செறிவூட்டு வளர்ப்பு முறையின் முன்னோடியான மார்டினஸ் பெய்ரிங்க் 1885 முதல் பத்து ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். அந்த ஆலையின் வழிவந்த கிஸ்ட்-புரோகேட்ஸ் நிறுவனத்தில், கழிவுநீரிலிருந்து நைட்ரேட் நீக்கும் பாய்மப் படுகை உலை ஒன்றைக் கவனித்துவந்த ஆர்னல்ட் முல்டர் கணக்கில் ஒரு பொருத்தமின்மையைக் கண்டார். ஆக்ஸிஜன் இல்லாத உலையில் நைட்ரேட்டோடு அம்மோனியமும் குறைந்தது. நைட்ரஜன் வாயு கூடியது. அளவீட்டுப் பிழை என்று தள்ளியிருக்கலாம். அவர் தள்ளவில்லை. 1995இல் அது கட்டுரையாக வெளிவந்தது.

5.2 உயிரா, வேதிவினையா

டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலாளர் கூனனின் குழு இதைச் சோதித்தது. உலைக் கசட்டைக் காமாக் கதிரால் தாக்கியபோதும் உயரழுத்த நீராவியில் வேகவைத்தபோதும் வினை நின்றது. அடுத்து, கனமான நைட்ரஜன்-15 கொண்ட அம்மோனியத்தையும் சாதாரண நைட்ரஜன்-14 கொண்ட நைட்ரேட்டையும் சேர்த்துக் கொடுத்தனர். வெளிவந்த வாயு மூலக்கூறுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் ஓர் அணு 15, மற்றொன்று 14. அம்மோனியத்திலிருந்து ஒன்று, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்று என இரு அணுக்கள் இணைந்தே வாயு உருவாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கேட்க முடியாது. உண்மையில் அம்மோனியத்தோடு வினைபுரிவது நைட்ரைட் என்பதும் பின்னர் தெளிவாயிற்று. இவ்வினையே அனமாக்ஸ்.

5.3 உயிரியின் இயல்பு

1999இல் ஸ்ட்ரௌஸும் உடன் ஆய்வாளர்களும் இவ்வினையைச் செய்வது பிளாங்டோமைசீட் என்னும் தொகுதியைச் சேர்ந்த புதிய உயிரியென அடையாளம் கண்டனர். தட்டில் தனித்து வளர்க்க முடியவில்லை. அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு மையவிலக்கியில் பிரித்துத்தான் நூற்றுக்கணக்கான செல்களுக்கு ஒன்று மட்டுமே அன்னியமாக இருக்கும் அளவுக்குத் தூய்மைப்படுத்தினர். இரட்டிப்பாக அதற்கு ஏறத்தாழ 11 நாள் தேவை. செல்லுக்குள் தனியொரு சவ்வறை இருக்கிறது. அச்சவ்வின் கொழுப்புகளில் நான்கு கார்பன் அணுக்கள் கொண்ட வளையங்கள் படிக்கட்டு போல் ஒட்டி நிற்கின்றன. வேறெந்த உயிரிலும் இத்தகைய அமைப்பு காணப்பட்டதில்லை. அறைக்குள் இடைப்பொருளாக உருவாவது ஹைட்ரசீன், ராக்கெட் எரிபொருளாகப் பயன்படும் நஞ்சு. இரும்புள்ள சைட்டோகுரோம் புரதங்கள் மிகுந்திருப்பதால் இவ்வுயிரிகள் திரண்ட கசடு செக்கச் சிவப்பாகத் தெரியும். பழுப்பு நிறக் கசட்டையே பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தச் சிவப்பே முதல் ஆய்வுக்கூட அறிக்கை.

பயன் பெரிது. அம்மோனியத்தில் பாதியளவு மட்டும் நைட்ரைட்டானால் போதும், அதனால் காற்றுத் தேவை சுமார் 60 விழுக்காடு குறைகிறது. கரிமம் வேண்டியதே இல்லை. குறை, நைட்ரஜனில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நைட்ரேட்டாக மிஞ்சுவது. முழு நீக்கம் இதனால் மட்டும் கைகூடாது.

6. ராட்டர்டாம்

6.1 பாதியில் நிற்கும் வினை

ராட்டர்டாமின் டோக்ஹாவன் நிலையம் நிலத்தடியில் இருக்கிறது, மேலே பூங்கா. அதன் கசடு அருகிலுள்ள ஸ்லௌஸ்யஸ்டைக்குக் குழாயில் போய்ச் செரிக்கப்படுகிறது. செரித்த கசட்டைப் பிழிந்தால் கிடைக்கும் நீர் அளவில் மிகச் சிறியது, ஆனால் லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் அம்மோனியம் கொண்டது, வெதுவெதுப்பானது. பல நிலையங்களில் மொத்த நைட்ரஜனில் 15 முதல் 20 விழுக்காடு இந்தச் சிற்றோடையில் திரும்பி வருகிறது.

1990களின் பிற்பகுதியில் டெல்ஃப்ட் குழுவினர் ஷாரோன் என்ற உலையை வடிவமைத்தனர். 35 டிகிரி அளவில் நைட்ரைட் உண்பவற்றைவிட அம்மோனியம் உண்பவை வேகமாகப் பெருகும். கசட்டைத் தேக்காமல் நீரை ஏறத்தாழ ஒரு நாள் மட்டும் நிறுத்தினால் மெதுவானவை கழுவிச் செல்லப்படும். வினை நைட்ரைட்டோடு நிற்கும். மேலும், செரித்த நீரில் ஒவ்வொரு அம்மோனியத்துக்கும் ஏறத்தாழ ஒரு பைகார்பனேட் துணையாக உண்டு. ஆனால் ஓர் அம்மோனியம் எரிய இரண்டு வேண்டும். ஆகவே பாதி அம்மோனியம் எரிந்ததும் காரத்தன்மை தீர்ந்து வினை தானாக நிற்கிறது. கிடைப்பது ஏறத்தாழச் சரிபாதி அம்மோனியமும் நைட்ரைட்டும், அதாவது அனமாக்ஸுக்குத் தேவையான கலவை. மனிதன் விகிதம் அளந்து கொட்டாமல், நீரின் இயல்பே அளந்து தரும் இந்தப் பொருத்தம் இத்துறையின் மிக அழகிய நிகழ்வு.

6.2 மூன்றரை ஆண்டுகள்

2002இல் அங்கே 70 கனமீட்டர் அனமாக்ஸ் உலை இயங்கத் தொடங்கியது. இடைநிலைச் சோதனை உலை எதுவும் கட்டாமல் 10 லிட்டர் ஆய்வக உலையிலிருந்து நேரே ஏழாயிரம் மடங்கு பெரிதாக்கப்பட்டது. ஏட்டுக் கணக்கில் ஏழாயிரம் மடங்கு என்பது பதின்மூன்று இரட்டிப்புகள்; 11 நாளுக்கு ஒன்று என்றால் ஐந்து மாதத்துக்குள் முடிய வேண்டும். பிடித்தது மூன்றரை ஆண்டு. அதுவரை உலகில் முழு அளவு உலை இல்லாததால் விதைக் கசடும் போதிய அளவில் கிடைக்கவில்லை. வளர்ந்ததில் ஒரு பகுதி நீரோடு போனது. நைட்ரைட் கூடிய சமயங்களில் அதுவே நஞ்சாகி வளர்ச்சியைப் பின்னுக்கு இழுத்தது.

இந்தக் காலத்தின் நெடும்பகுதியில் உலையில் அளக்கத்தக்க நைட்ரஜன் நீக்கம் எதுவும் தெரியவில்லை. வெறும் நீர்ச் சோதனையை நம்பியிருந்தால் முயற்சி தோற்றது என்று மூடியிருப்பார்கள். ஆய்வாளர்கள் கசட்டிலிருந்து மரபணுவைப் பிரித்து, அனமாக்ஸ் உயிரிகளின் மரபணுப் பிரதிகளை எண்ணி வந்தனர். எண்ணிக்கை மடங்கு மடங்காக ஏறியது. 10 முதல் 12 நாள் இரட்டிப்பு வேகம் அதில் தெரிந்தது. வேலை தெரியாத நாள்களில் வளர்ச்சியைப் பார்க்க முடிந்ததே பொறுமைக்கு ஆதாரம். முடிவில் அவ்வுலை நாளொன்றுக்கு ஒரு கனமீட்டருக்கு 9 கிலோவுக்கு மேல் நைட்ரஜனை நீக்கியது. அங்கு வளர்ந்த சிவப்புச் சிறுமணிகள் பிற நிலையங்களுக்கு விதையாகப் போயின. தொடங்கும் காலம் மாதங்களாகச் சுருங்கியது.

7. இருத்தி வைக்கும் உத்திகள்

மெதுவான உயிரை நீரோட்டத்தில் நிறுத்த மூன்று வழிகள் நிலைபெற்றுள்ளன. சிறுமணியாகத் திரளவிட்டு விரைந்து படியச் செய்வது ஒன்று. பிளாஸ்டிக் தாங்கிகளில் படலமாக ஒட்டவைப்பது இன்னொன்று. மூன்றாவதே எனக்கு மிக நுட்பமாகத் தோன்றுகிறது. ஆஸ்திரியாவின் ஸ்ட்ராஸ் நிலையத்தில் பெர்ன்ஹார்ட் வெட் வளர்த்தெடுத்த முறையில், கசட்டைச் சுழல் பிரிப்பானில் சுழற்றுகிறார்கள். கனமான சிவப்பு மணிகள் அடியில் இறங்கி உலைக்குத் திரும்புகின்றன. இலேசான, வேகமாகப் பெருகும் கசடு மேல்வழியாக வெளியேறுகிறது. ஒரே தொட்டியில் இரண்டு கூட்டங்களுக்கு இரண்டு வெவ்வேறு வயது.

8. முதன்மை ஓடையும் வெப்பமும்

பிழிநீரில் வென்றதை மொத்தக் கழிவுநீரில் செய்வது கடினம். ஐரோப்பியக் குளிரில் அனமாக்ஸ் இன்னும் மெதுவாகிறது. நைட்ரைட் உண்பவற்றைக் கழுவி வெளியேற்றும் வெப்பச் சாதகமும் அங்கில்லை. அவை நைட்ரைட்டைத் தட்டிப் பறித்து நைட்ரேட்டாக்கிவிடுகின்றன.

வெப்ப மண்டலத்தில் நிலை வேறு. சிங்கப்பூரின் சாங்கி நீர் மீட்பு நிலையத்தில், அனமாக்ஸுக்கென்று வடிவமைக்காத செயலூட்டிய கசட்டுத் தொட்டிகளிலேயே அவ்வுயிரிகள் குடியேறி நைட்ரஜன் நீக்கத்தில் குறிப்பிடத்தக்க பங்கு வகிப்பதைச் சாவ் யெஷியும் உடன் ஆய்வாளர்களும் பதிவு செய்தனர். அங்கே கழிவுநீர் ஆண்டு முழுதும் 30 டிகிரியை ஒட்டி இருக்கிறது. யாரும் விதைக்காமல் வந்து தங்கிய கூட்டம் அது.

சென்னை, மதுரை போன்ற ஊர்களின் கழிவுநீரும் வெதுவெதுப்பானதே. இதன் விளைவை நிலையப் பணியாளர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். பிற்பகலில் இரண்டாம் படிவுத் தொட்டியில் கசடு திட்டுத் திட்டாக மேலெழும். கோலால் தட்டினால் நுண்குமிழிகள் விட்டு மீண்டும் அமிழும். அது நைட்ரஜன் வாயு. காற்றூட்டத் தொட்டியில் யாரும் திட்டமிடாமலே நைட்ரேட் உருவாகி, காற்றற்ற படிவுத் தொட்டியில் வாயுவாகியிருக்கிறது. வேண்டிய இரு வினைகளும் நடக்கின்றன. இரண்டாவது தவறான தொட்டியில் நடக்கிறது. நைட்ரேட் நீரை முன்னால் காற்றில்லாப் பகுதிக்குத் திருப்பி, படிந்த கசட்டையும் விரைவாக எடுத்தால் அதே வினை பயன் தரும். இதைச் செய்யாமல் நைட்ரஜன் நீக்கும் பாக்டீரியா என்று பொட்டலத்தில் விற்கும் பொடிகளை மாதந்தோறும் வாங்கிக் கொட்டுவது வீண். கசட்டின் வயது குறைவாக இருந்தால் கொட்டிய உயிரும் சில நாளில் வெளியேறிவிடும்; வயது போதுமானால் கொட்ட வேண்டிய தேவையே இல்லை. நச்சுக் கழிவு புகுந்து கசடு முழுதும் செத்துப்போன நேரம் மட்டும் விதிவிலக்கு. அப்போதும் அருகிலுள்ள நல்ல நிலையத்தின் உயிருள்ள கசடே சிறந்த விதை.

9. தீராத சிக்கல்: நைட்ரஸ் ஆக்சைடு

நீரிலிருந்து நீங்கும் நைட்ரஜன் முழுதும் தீங்கற்ற வாயுவாகப் போவதில்லை. சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டைஆக்சைடைவிட 273 மடங்கு புவியைச் சூடாக்கும் என்பது காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் ஆறாம் மதிப்பீடு. ஆக்ஸிஜன் குறைந்து நைட்ரைட் தேங்கும்போது அம்மோனியம் உண்பவை இதைக் கூடுதலாக வெளியிடுகின்றன. நைட்ரைட்டை வேண்டுமென்றே தேக்கும் புதிய முறைகளுக்கு இது நேரடியான அறைகூவல். மின்சாரத்தில் மிச்சப்படுத்திய கார்பன் கணக்கை இந்த வாயு விழுங்கிவிடக்கூடும்.

ஆகவே அனமாக்ஸ் உலையை மின் சேமிப்பை மட்டும் காட்டி மதிப்பிடுவதை நான் ஏற்கவில்லை. உலையின் மேல் மூடி அமைத்து, வெளியேறும் காற்றில் நைட்ரஸ் ஆக்சைடைத் தொடர்ந்து அளக்க வேண்டும். ஒருநாள் மாதிரி போதாது. காற்றூட்டம் தொடங்கும், நிற்கும் வேளைகளிலும் பருவத்துக்குப் பருவமும் அளவு பெரிதும் ஏறி இறங்குகிறது. காற்றை ஒரேயடியாக ஊதாமல் மெல்ல ஊதுவது, நைட்ரைட் தேங்காதபடி அனமாக்ஸ் மணிகளின் அளவை முதலில் போதுமானதாக்கிவிட்டுப் பிறகு சுமையை ஏற்றுவது ஆகியவை இந்த வாயுவைக் குறைக்கும் வழிகள். இரண்டாவது வழிக்கு 11 நாள் இரட்டிப்புக் காலத்தின் பல சுற்றுகள் காத்திருக்க வேண்டும். ஆகவே நிலையத்தின் ஒப்பந்தக் காலத்தையும் தொடக்கக் காலச் சோதனை விதிகளையும் அதற்கேற்ப எழுத வேண்டும்.